தின்ற இறைச்சியும் போடாத ஓட்டும்

தாஷ்-கெச்சூ
அக்டோபர் 3

மாம்பெத் அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நீங்கள் இறைச்சி அனுப்பிய தூக்குச்சட்டியைக் கழுவினேன். குதிரைக் கொழுப்பு விறைத்து அடியில் பிடித்திருந்தது. வெந்நீர் வைக்க மின்அடுப்பைப் போட மனம் வரவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பதால் காய்ந்த தயிர் உருண்டைகளை நிரப்பியிருக்கிறேன். மினிபஸ் ஓட்டுகிற தலாய் இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கொண்டுவருவான்.

நேற்றுப் போனில் கத்தியதற்குப் பிறகு நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. எழுத்தில் அவ்வளவு எளிதாகக் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் தலாய் வாசலில் ஹாரன் அடித்தான். "அக்கா, ஆக்-தெரெக்ல உங்க அண்ணன் வீட்டுல குதிரை அறுத்தாங்க. உங்க பங்கு" என்று சட்டியை நீட்டினான். எதற்கு அறுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா இறந்த வருஷம். அவர் பேரில் குர்ஆன் ஓதியிருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். மாமனாருக்கு இடுப்பெலும்பு, எனக்கு நெஞ்சுக்கறி. முறை தவறாமல் அனுப்பியிருந்தீர்கள். பிறந்த வீட்டிலிருந்து பங்கு வந்து எத்தனை காலமாயிற்று. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மாமனார் வழக்கம்போல் இரண்டு கைகளையும் விரித்தார். "இதை அறுத்தவன் எண்ணம் ஈடேறட்டும். யாருக்காக அறுத்தானோ அவன் நூறு வயசு வாழட்டும், புள்ளைங்க சூழ இருக்கட்டும்" என்றார். எல்லோரும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டோம்.

மறுநாள் உங்கள் போன். "தின்னீங்களா? எலேபெஸுக்கு ஆசி சொன்னீங்களா?"

அண்ணா, அவர் ஜெயிப்பதற்காக அறுத்த குதிரை அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எலேபெஸ் நம் ஏரிக்கரை ஊர்க்காரர்தான். நம் ஊரிலிருந்து ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்பது பெருமை என்று எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் மின்சார நிறுவனத்தின் தலைமையில் இருந்தபோதுதான் யூனிட் விலை இரண்டு மடங்கானது. அன்றிலிருந்து மாமனார் அவர் பெயரைச் சொல்வதில்லை, 'விளக்கணைச்சான்' என்றுதான் சொல்வார். விஷயம் தெரிந்ததும், "அந்த விளக்கணைச்சானுக்கா நான் கை விரிச்சேன்?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் பேசாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் வீட்டை எலேபெஸ் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நான்தான் தலைவர். யாருக்காகவும் நான் வாய் திறக்கக் கூடாது. அண்ணிக்கு என் அன்பு.

சைகல்


ஆக்-தெரெக்
அக்டோபர் 9

சைகல்,

தயிர் உருண்டை வந்தது. உப்பு அதிகம். உங்கள் நாரின் மாகாணத்தில் உப்பாவது மலிவாகக் கிடைக்கிறதே, சந்தோஷம்.

இறைச்சியைத் தின்றீர்கள். ஆசியும் சொன்னீர்கள். இப்போது எதற்கென்று தெரியாது என்கிறாய். தெரியாமல் நனைந்தவன் உடம்பில் ஈரம் இருக்காதா? ஒருவனுடைய இறைச்சியைத் தின்று கை விரித்த வீடு அவனுக்கு எதிராகத் திரும்பாது. இது நான் போட்ட சட்டம் இல்லை. உன் மாமனாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று விருந்தில் எலேபெஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாம்பெத், தாஷ்-கெச்சூல நமக்கு யாருப்பா இருக்கா? அங்க எல்லாம் என்னை எதிர்த்து நிக்கிற தாபல்தியோட ஆளுங்கதானே?" என்று கேட்டான். "என் தங்கச்சி இருக்கா. டீச்சர். அவ பேச்சுக்கு ஊர்ல மரியாதை உண்டு" என்றேன். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நீ தலைநகருக்குப் போய்ப் பௌதிகம் படித்தாய். உன்னைப் பலர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் ஆடுகளோடு இருந்தவன். எனக்கு அது புதுசு.

விலை ஏற்றினான் என்கிறாய். வேறு யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் ஏற்றியிருப்பான். ஆனால் என் மகன் ஆசாத்துக்கு மின்சார ஆபீஸில் வேலை போட்டுக்கொடுத்தவன் வேறு யாருமில்லை, எலேபெஸ்தான். ஆசாத் இப்போது கம்பம் ஏறுகிறான். எலேபெஸ் தோற்றால் முதலில் இறங்க வேண்டியவன் அவன்தான். இதையும் உன் படிப்பில் சேர்த்து யோசி.

கட்டிக்கொடுத்தவள் தட்டிக்கு வெளியே என்பார்கள். நான் பங்கு அனுப்பி உன்னை உள்ளே வைத்தேன். நீ வெளியே நின்று சட்டம் பேசுகிறாய்.

உன் பள்ளிக்கூடத்துக்கு நிலக்கரி வரும். கேட்டு வாங்கியவன் நான். தேர்தல் முடிந்து இரண்டாம் சனிக்கிழமை அப்பாவின் ஆண்டு விருந்து. எலேபெஸ் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். அதற்குள் உன் ஊர் என் முகத்தில் கரி பூசினால், நீ எந்த முகத்தோடு அங்கே வந்து உட்காருவாய் என்று நீயே சொல்.

மாம்பெத்


தாஷ்-கெச்சூ
அக்டோபர் 18

மாம்பெத் அண்ணா,

லாரிகள் நேற்று வந்தன. முன்னால் எலேபெஸின் படம் கட்டியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்றதும் பாதி ஊர் கூடிவிட்டது. எங்கள் ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறார்கள். ஜன்னலுக்கு உள்பக்கம் உறைபனி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறீர்கள்.

"எறக்குங்க டீச்சர். கரிக்கு என்ன ஊரா, குலமா?" என்றாள் கடைக்காரி புரூல்.

"கரிக்கு இல்ல, அனுப்பினவனுக்கு இருக்கு" என்றார் கால்நடை மருத்துவர் கச்சிகே. "ஏரிக்கரைக்காரன் ஒண்ணு குடுத்தா ஒம்பது எடுப்பான்."

"உங்க தாபல்தி மட்டும் என்னத்தக் கிழிச்சாரு? இதே ஊர்ல பொறந்தவருன்னு பேரு. பெத்த தாயி சாவுக்கு வந்தவரு, மண்ணு காயறதுக்குள்ள கார் ஏறிட்டாரு" என்றாள் புரூல்.

"வந்தாரா இல்லையா?"

"வந்தாரு. குளிருதுன்னு போயிட்டாரு. அந்தக் குளிர்லதான்யா நாங்க குடித்தனம் பண்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். கச்சிகே விடவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க. ஆறு நம்ம வாசல்ல ஓடுது. கீழ அணையக் கட்டி, அந்தத் தண்ணியில கரண்ட் எடுத்து, நமக்கே விக்கிறாங்க. நம்மாளு ஒருத்தன் மேல உக்காந்தாத்தான் நியாயம் கேக்க முடியும்."

"மேல உக்காந்தவன் எவன்யா கீழ குனிஞ்சு பாத்தான்?"

அப்போதுதான் மாமனார் வந்தார். இத்தனை நாளில் அவர் நான்கு பேர் முன்னால் வாய் திறந்தது நேற்றைக்குத்தான். கச்சிகே அவரைப் பார்த்ததும், "வாங்க பெரியவரே, விளக்கணைச்சானுக்கு ஆசி குடுத்தவரு வர்றாரு, வழி விடுங்க" என்று கேலி செய்தார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"குடுத்தேன். திருப்ப மாட்டேன். கையப் புறம் திருப்பிச் சபிச்சா என் வீட்டுக்குத்தான் கேடு" என்றார் மாமனார்.

"அப்ப ஓட்டும் அவனுக்கா?"

"நான் என்ன சொன்னேன்? நூறு வயசு வாழட்டும், புள்ளைங்க சூழ இருக்கட்டும்னு சொன்னேன். ஜனாதிபதி ஆனவன் எவன் புள்ளைங்களோட இருக்கான்? வீட்டுலயே இருக்கட்டும். என் ஆசி பலிக்க நானும் என்னால ஆனதைச் செய்றேன்."

அண்ணா, நேற்று இரவு அவர் இரண்டு கிண்ணம் சூப் குடித்தார்.

நிலக்கரியை இறக்கச் சொன்னேன். படத்தை அவிழ்த்து மடித்து ஓட்டுநரிடமே கொடுத்துவிட்டேன். அவன், "படத்தோட ஒரு போட்டோ அனுப்பணும்க்கா, இல்லைன்னா திட்டுவாங்க" என்றான். போட்டோவுக்கு நான் நிற்கவில்லை. கூடியிருந்தவர்களிடம், "கரி பிள்ளைங்களுக்கு. ஓட்டு அவங்கவங்களுக்கு. ரெண்டையும் யாரும் சேத்துப் பேசாதீங்க" என்று மட்டும் சொன்னேன். இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. திருப்பி அனுப்பியிருந்தால் என் கை சுத்தமாக இருந்திருக்கும், பிள்ளைகளின் கை விறைத்திருக்கும். நான் வாங்கியது கரியைத்தான், அதோடு வந்த நிபந்தனையை வாங்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போதே அது சரியா என்று சந்தேகமும் வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பாவுக்கு நான் ஒரே மகள். ஆண்டு விருந்தில் கடைசி ஒப்பாரி மகளுடையது. அது முடிந்தால் துக்கம் கலைந்துவிடும். அதற்குப் பிறகு குரலெடுத்து அழ எனக்கு இடமில்லை. அதை ஓட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

சைகல்


ஆக்-தெரெக்
அக்டோபர் 24

சைகல்,

கரியை இறக்கினாய். அது போதும். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எலேபெஸிடம் சொல்லிவிட்டேன். நீ பேசுகிற பேச்சு வாக்குச்சாவடித் தலைவர் பேச வேண்டிய பேச்சு. எனக்குப் புரிகிறது. வெளியே அப்படித்தான் பேச வேண்டும்.

உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த லாரிகள் நம் ஊருக்கு வந்தவை. வீட்டுக்கு வீடு கொடுக்க எலேபெஸ் அனுப்பிய கரியில் இரண்டு லாரியை நான்தான் மலைக்கு மேலே திருப்பிவிட்டேன். விஷயம் கசிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜுமாஷ், "உன் தங்கச்சி ஊருக்கு அடுப்பு மூட்ட எங்க கொள்ளிய எடுத்தியா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்கிறான். "நாரின்காரனுக்குக் கரி, நமக்குப் படம். சுவர்ல ஒட்டிக் குளிர் காயலாம்" என்று அவன் மனைவி பாட்டாகவே பாடுகிறாள். உன் அண்ணியும் இரண்டு நாளாகத் தேநீரை என் முன்னால் வைக்கும்போது சத்தம் கேட்கிறது.

இருக்கட்டும். தேர்தல் முடிவு வந்தால் எல்லா வாயும் மூடும்.

ஆண்டு விருந்துக்குக் குதிரை கட்டியிருக்கிறேன். நன்றாகச் சதை பிடித்திருக்கிறது. மாவு பிசைய நீ முந்தின நாளே வந்துவிடு.

மாம்பெத்


தாஷ்-கெச்சூ
நவம்பர் 6

மாம்பெத் அண்ணா,

நீங்கள் வானொலியில் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் சாவடியில் தாபல்தி முதலில் வந்தார். 'எல்லோருக்கும் எதிராக' என்ற கட்டம் இரண்டாவதாக வந்தது. எலேபெஸ் அதற்கும் கீழே, வெகு கீழே. முடிவைக் கதவில் ஒட்டியபோது கச்சிகே வெற்றி பெற்றவர் மாதிரி மீசையைத் தடவினார். புரூல், "ரெண்டாவதா வந்தது என் ஆளு. அவருக்கு மூஞ்சி கெடையாது, பொய்யும் கெடையாது" என்றாள்.

நாள் முழுக்க நான் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. உங்களுக்காகவும் சொல்லவில்லை, உங்களுக்கு எதிராகவும் சொல்லவில்லை. அதுதான் உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். நான் சொல்லியிருந்தால் சில வீடுகள் கேட்டிருக்கும். கரி எரிகிற வகுப்பில்தான் வாக்குப்பெட்டி இருந்தது. கதகதப்பாக இருந்தது. அந்தச் சூட்டில் உட்கார்ந்துகொண்டு நான் உங்களையும் ஜுமாஷையும் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிகளைத் திருப்பிவிட்டது நீங்கள் என்று தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இந்த நாள் எளிதாகப் போயிருக்கும். நீங்கள் ஊருக்காகக் கட்சி கட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி எனக்காகவும் செய்திருக்கிறீர்கள்.

நான் யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். திரைக்குப் பின்னால் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எந்த ஊர்க்காரி நான் என்று யோசித்தேன். அப்பா எப்படி இறந்தார் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை, எலேபெஸும் தாபல்தியும் மறுபடி மோத வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் ஆண்டு விருந்து இரண்டு வாக்குப்பதிவுக்கும் நடுவில் வருகிறது. மாவு பிசைய வெள்ளிக்கிழமை வரட்டுமா?

சைகல்


ஆக்-தெரெக்
நவம்பர் 11

சைகல்,

வராதே.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் வந்த அன்றைக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். எலேபெஸின் ஆள் வந்து சாவடி வாரியாக எண்களை என் முன்னால் வைத்தான். "உங்க தங்கச்சி பேச்சுக்கு ஊர்ல நல்ல மரியாதை போல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இங்கே ஜுமாஷ் சிரிக்கிறான். கரியும் போச்சு, ஓட்டும் போச்சு. நான் எந்தப் பக்கமும் பார்க்க முடியாமல் ஆட்டுப்பட்டிக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன்.

இன்னொரு வாக்குப்பதிவு இருக்கிறது. எலேபெஸ் சனிக்கிழமை ஆண்டு விருந்துக்கு வருகிறான். மாவட்டம் முழுக்க ஆட்கள் வருவார்கள், கேமரா வருகிறது. விருந்துக்குப் பிறகு அவன் பேசுவான். அவன் முன்னால் நீ வந்து உட்கார்ந்தால் எல்லோரும் உன்னையும் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள். ஆசாத்தின் வேலை இன்னும் நூலில் தொங்குகிறது.

ஒப்பாரிக்கு உன் அண்ணியின் தங்கையைச் சொல்லியிருக்கிறேன். குரல் நல்ல குரல். அப்பாவைப் பற்றி என்ன பாட வேண்டும் என்று கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன். இந்த மண் பெற்ற பிள்ளை நாட்டை ஆளப்போவதைப் பார்க்காமல் போய்விட்டாயே என்று எலேபெஸைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்கிறாள். அப்பா கேட்டிருந்தால் கோபப்பட மாட்டார். ஊர்ப் பெருமை என்றால் அவருக்கு உயிர்.

உன் பங்கை அனுப்பிவைப்பேன். தின்பதும் தின்னாததும் உன் இஷ்டம்.

மாம்பெத்


தாஷ்-கெச்சூ
நவம்பர் 17

மாம்பெத் அண்ணா,

இதைத் தலாயிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை, விருந்து முடிந்ததும் நானே உங்கள் கையில் தருவேன். நீங்கள் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை நான்கு நாள் வைத்திருந்தேன். முதலில் வந்தது அவமானம். என் அப்பாவுக்கு அழ இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். பிறகு உங்களை நினைத்தேன். பட்டிக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மாமனார், "ஊர்லேர்ந்து என்ன எழுதிருக்காங்க மருமகளே?" என்று கேட்டார். "விருந்துக்கு ஏற்பாடு நடக்குதாம்" என்றேன். "போறப்ப என் கம்பளிக் கோட்டை எடுத்துட்டுப் போ, கணவாய்ல காத்து அறுக்கும்" என்றார். நான் போகாமல் இருப்பேன் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

அப்பாவின் கடைசி ஜனவரியை நீங்கள் தினமும் பார்த்தீர்கள். நான் மூன்று நாள்தான் பார்த்தேன். கட்டிலில் தொப்பியும் கம்பளிக் காலணியும் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். காலடியில் ஹீட்டர். அதன் வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார். நீங்கள் போய் எடுத்து பிளக்கில் சொருகிவிட்டு வருவீர்கள். நீங்கள் வெளியே போனதும் அவர் எழுந்து பிடுங்குவார். "ஏம்ப்பா, கரண்ட் பில்லை அண்ணன்தான் கட்டறானே" என்றேன். "அவன் கட்டறதாலதாம்மா. அந்த மீட்டர் ஓடுறது எனக்குக் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு, தூக்கம் வரலை" என்றார். நெஞ்சில் சளி கட்டியது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அதில் தப்பில்லை. உங்கள் மேலும் தப்பில்லை. இதை உங்களிடம் யாரும் இதுவரை சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் சொருகினீர்கள்.

அந்த ஜனவரியைப் பாட இரண்டு வரி சேர்க்க அந்தப் பெண்ணால் முடியாது. அவளுக்குத் தெரியாது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்கள் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவோம். ஆண்கள் வெளியே நின்று கேட்பார்கள். மகள் குரலெடுத்துவிட்டால் முடியும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. அண்ணனும் கூடாது, ஜனாதிபதியாகப் போகிறவனும் கூடாது. கேமரா இருந்தாலும் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். வேறு எந்த இடத்திலும் எனக்கு அந்த உரிமை இல்லை. வாக்குச்சாவடியில்கூட நான் வாயை மூடித்தான் இருந்தேன்.

இரண்டு நாளாக வரிகளை மனதுக்குள் கட்டிக்கொண்டிருக்கிறேன். எலேபெஸின் பெயரை ஒரு வரியில் வைத்துப் பார்த்தேன். நன்றாகப் பொருந்தியது, ஓசையும் வந்தது. பிறகு கம்பத்தின் மேல் ஆசாத் நிற்பது தெரிந்தது. எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். நேற்று கம்பளி நூற்கிற ராட்டையை நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்து யோசித்தேன். அது எலேபெஸுக்கான பாட்டு இல்லை. பெயரை வைத்தால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள், அப்பா மறுபடியும் ஒரு ஓரத்துக்குப் போய்விடுவார். பெயரைச் சேர்க்கிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியப் பள்ளி முடிந்ததும் கிளம்புகிறேன். புரூலிடம் சொல்லவில்லை. ரஷ்யாவில் வேலை பார்க்கிற என் கணவருக்கும் எழுதவில்லை. நீங்கள் வாசலில் நின்று தடுத்தால் நான் வாதாட மாட்டேன், நேராகப் பெண்கள் கூடாரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அண்ணியின் தங்கை பாடி முடிக்கும்வரை காத்திருப்பேன். அவள் குரலுக்கும் மரியாதை உண்டு. அவள் நிறுத்தியதும் நான் தொடங்குவேன். அந்தக் குளிரையும், ஆணியில் தொங்கிய வயரையும், ஒவ்வொரு முறையும் அதை எடுத்துச் சொருகிவிட்டுப் போன மகனையும் பாடுவேன். வேறு யார் பெயரும் அதில் இருக்காது.

சைகல்